அரைக்கரண்டி

விடியுமுன் நாலு நாற்பதுக்கு
குழாய் முதலில் இருமும்.
அப்புறம் காற்று,
அப்புறம் துருநிறத்தில் ஒரு கையளவு,
அப்புறம்தான் தண்ணீர்.
குடம் நிரம்புமுன்
விரலை நனைத்து நாக்கில் வைப்பேன்,
இன்றைக்கு எவ்வளவு கடல் என்று பார்க்க.

மால்வணி ஏழாம் நம்பர் கேட்டில்
இட்லி மாவு விற்கிறேன்.
கிலோவுக்கு ஒரு கரண்டி கல்லுப்பு,
தண்ணீர் தண்ணீராக இருக்கும் நாளில்.
அமாவாசைக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள்
அரைக்கரண்டி.
மீதி அரையை
மார்வே கழிமுகம் போட்டுவிடும்,
காசு கேட்காமல்.

எங்கே உடைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.
சதுப்புக்குக் கீழே, அலையாத்தி வேர்களுக்கு நடுவே
ஒரு கிழட்டு இரும்புக் குழாய்
பல் விழுந்த இடம் வழியாகக் கடலை உறிஞ்சுகிறது
என்கிறார் அதிசயராஜ்.
பத்து வருஷம் பிளம்பர். சொல்வதில் பாதி உண்மை.
அவருக்கு ரத்தக்கொதிப்பு.
"அப்பளம், ஊறுகாய், கருவாடு கூடாது.
தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்றார் டாக்டர்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
எங்கள் தண்ணீரைக் குடித்தவன்?
இருபது லிட்டர் கேன், அறுபது ரூபாய்,
சந்துக்குள் கொண்டுவர பத்து தனி.

ஷைனி இங்கே பிறந்தவள்.
"மம்மி, பாணி காரா ஹை" என்றாள் ஒரு நாள்.
எனக்குக் காரம் என்றுதான் கேட்டது.
மிளகாய் அரைத்த கையால் குடத்தைத் தொட்டேனோ என்று
கையை மோந்து பார்த்தேன்.
காரா என்றால் உப்பு.
எதிர்வீட்டு ஹௌசாபாயி அதையே
கொஞ்சம் குறுக்கிச் சொன்னால்
உண்மை என்று அர்த்தமாம், மராத்தியில்.
அவள் மீன்காரி.
"மீனுக்குப் பழகின தண்ணீர்தானே" என்று சிரிப்பாள்.
டீயில் பால் திரிந்த அன்று மட்டும்
என்னைவிடச் சத்தமாக வைவாள்.

முனிசிபாலிட்டியிலிருந்து சாவந்த் வந்தார்,
ஒரு அஷ்டமி அன்று, பதினொன்றரை மணிக்கு.
ட்ரம்மில் பிடித்து வைத்ததில்
ஒரு பாட்டில் மொண்டுகொண்டார்.
அமாவாசைக்கு வாருங்கள், இருட்டோடு வாருங்கள் என்றேன்.
ட்யூட்டி பத்து மணிக்குத்தான் என்றார்.
காகிதம் வந்தது: குடிக்கத் தக்கது.
கீழே வட்ட முத்திரை, நீல மை.
என் நாக்குக்கு முத்திரை கிடையாது.

போன மே மாதம்
யாரிடமும் சொல்லாமல் ரோட்டைத் தோண்டினார்கள்.
மூன்று நாள் தண்ணீரே இல்லை.
நான்காம் நாள்
குழாய் இருமவில்லை.
அமாவாசைதான். விரலை வைத்தேன்.
ஒன்றுமில்லை.
இன்னொரு விரலை வைத்தேன்.

ஷைனி இரண்டு டம்ளர் குடித்தாள், தாகம் இல்லாமலே.
அதிசயராஜ் குளித்துவிட்டு வந்து
"சோப்பு போகவே மாட்டேங்குது" என்று
முழங்கையைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

சாயங்காலம் பதிமூன்றாம் மாடியிலிருந்து போன்:
"ஆன்ட்டி, மாவில் உப்பே இல்லை."
திரும்பிப் பார்த்தால்
காலண்டரில் கறுப்பு வட்டம்.
கை அதைப் பார்த்துத் தானாகப் பாதி அளந்திருக்கிறது.
கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

இரண்டு கிலோவுக்குப் பணத்தைத் திருப்பினேன்.
மிச்ச மாவை நாங்களே ஊற்றினோம்.
ஹௌசாபாயி காய்ந்த போம்பில் வறுத்துக் கொடுத்தனுப்பினாள்.
அதிசயராஜ் அதைத் தொடவில்லை.
சப்பென்ற இட்லியை மென்றபடி
"நல்லாத்தான் இருக்கு" என்றார்.
காராவும் இல்லை,
ஹௌசாபாயி குறுக்கிச் சொல்கிற மற்றதும் இல்லை.

இப்போதும் நாலு நாற்பதுக்கு
விரல் தானாக நனைகிறது.
வரும் பௌர்ணமிக்குப் பெரிய அலை வரும்,
கரைப்பக்கம் போகாதீர்கள் என்று
ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ சொல்லிப் போகிறது.
கரண்டியை முழுசாக அள்ளுகிறேன்.
கொட்டுமுன்
கொஞ்சம் பொறுக்கிறேன்.